கரிசல் காட்டுக்கு மின்சாரம்

1930-ம் வருஷத்தில் மகாத்மா காந்தி உப்பு வரியை எதிர்த்துத் தண்டிக்கு நடந்தபோது, "அற்பமான உப்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. உப்பு அற்பப் பொருள்தான். ஆனால் அது இல்லாமல் எந்த ஏழையும் கஞ்சி குடிக்க முடியாது. ஆகையால் அதன் விலை ஒரு தேசத்தின் மானப் பிரச்னையாயிற்று. நமது காலத்தில் அந்த ஸ்தானத்தை மின்சாரம் பெற்றிருக்கிறது. குழந்தை இரவில் பாடம் படிப்பதற்கும், தாய் அடுப்பங்கரையில் தேள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், தகப்பன் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்கும் அது வேண்டியிருக்கிறது.

இந்த மின்சாரத்தின் விலையை முழுவதும் கொடுக்க இயலாத ஜனங்களுக்காகச் சர்க்கார் பணம் கொடுப்பது நியாயமா? நியாயம் என்றால் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எந்த வழியில் கொடுப்பது? பட்டணத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து கொண்டு இவற்றுக்கு விடை சொல்லிவிடலாம். ஆனால் விடை சரிதானா என்று சோதித்துப் பார்ப்பதற்குக் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையைவிடப் பொருத்தமான உரைகல் வேறொன்று கிடையாது.

கறுப்பு மண்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகும் நேயர்கள் சாத்தூரைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண்; இடையிடையே உடை மரம்; எங்கோ ஒரு மூலையில் ஒரு பனை. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது இந்த மண். கோடையிலோ கை நுழையும்படி பாளம் பாளமாக வெடித்துவிடும். வருஷத்தில் பெய்யும் மழை சுமார் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து போய்விடும். வாய்க்கால் பாசனம் அநேகமாகக் கிடையாது. வானத்தைப் பார்த்து விதைக்கும் மானாவாரிச் சாகுபடிதான். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், இப்பொழுது மக்காச்சோளம் - இவைதான் இந்தச் சீமையின் செல்வம். கோவில்பட்டியில் 1901-ம் வருஷத்திலேயே விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. கருங்கண்ணிப் பருத்தியின் பெயரை நூற்பாலைக்காரர்கள் அறிவார்கள்.

வறண்ட பூமிதான், ஆனால் தேசத்துக்கு அது கொடுத்த விளைச்சல் குறைவானதல்ல. பாரதியார் 1882-ல் பிறந்த எட்டயபுரமும், கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளை பிறந்த ஓட்டப்பிடாரமும், 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும் இந்தக் கறுப்பு மண்ணைச் சேர்ந்தவையே. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவ முயன்று நஷ்டமடைந்தார் என்பதை நேயர்கள் அறிவார்கள். இயந்திர சக்தியைக் கொண்டு கரிசல் காட்டின் வறுமையைத் தீர்க்கலாம் என்ற கனவு அவ்வளவு பழமையானது.

இன்னொரு விநோதமும் உண்டு. 1923-ம் வருஷத்தையொட்டிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பமாகி, கோவில்பட்டி வரையில் பரவியது. மழை குறைந்த உலர்ந்த காற்று தீக்குச்சி உலர்வதற்கு வெகு அனுகூலம். தேசமெங்கும் விளக்கேற்றுவதற்கு இங்கிருந்து தீப்பெட்டி போயிற்று. குச்சி அடுக்கிய பெண்களின் வீட்டிலோ நெடுங்காலம் வரையில் சிம்னி விளக்கும் காடா விளக்குமே புகைந்து கொண்டிருந்தன.

மின்சாரம் வந்த வழி

சென்னை ராஜதானியில் பெரிய நீர்மின்சாரத் திட்டங்கள் நீலகிரியில் பைக்காராவிலிருந்து தொடங்கின. அங்கே 1932-ல் மின்சாரம் பிறந்தது. மேட்டூரில் 1937-ல் பிறந்தது. தெற்கே தாமிரபரணியின் மீது பாபநாசத்தில் மின்சார நிலையம் 1944-ல் வேலை செய்யத் தொடங்கியது. அந்த மின்சாரம் முதலில் எங்கே போயிற்று? நூற்பாலைகளுக்கும் பட்டணங்களுக்கும் போயிற்று. ஏனெனில் பணம் கொடுக்கக்கூடியவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

கிராமத்தின் முறை சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. 1948-ம் வருஷத்து மின்சார வழங்கல் சட்டத்தின்படி, 1957 ஜூலை 1-ந் தேதி சென்னை ராஜ்ய மின்சார வாரியம் ஏற்பட்டது. பக்கத்து விருதுபட்டியில் பிறந்து, பஞ்சம் இன்னதென்று நேரில் அறிந்த காமராஜ் அப்பொழுது முதல் மந்திரி. கிராமந்தோறும் கம்பி இழுத்துப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் கொடுப்பதில் நமது ராஜ்யம் நாட்டுக்கே முன்னோடியாக விளங்கியது. மத்திய சர்க்கார் 1969-ல் கிராம மின்மயக் கார்ப்பொரேஷனை ஸ்தாபித்து இந்தக் காரியத்துக்குக் கடன் கொடுக்கலாயிற்று.

இவ்விடத்தில் 'மின்சாரம் வந்த கிராமம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1997-ம் வருஷம் வரையில், ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எங்காவது ஓரிடத்தில் ஏதாவது ஒரு காரியத்துக்கு மின்சாரம் உபயோகமானாலே அது மின்சாரம் வந்த கிராமம் என்று கணக்கில் ஏறிவிடும். ஒரே ஒரு கிணற்றில் மோட்டார் ஓடினால் போதும். ஊரே இருட்டில் கிடந்தாலும் கணக்குப் புஸ்தகத்தில் வெளிச்சம்! 2004-ல் விதியைத் திருத்தி, நூற்றுக்குப் பத்து வீடுகளிலாவது விளக்கு எரிய வேண்டும் என்றார்கள். பாக்கித் தொண்ணூறு வீடுகளைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று எண்ணினார்கள் போலும். 2018 ஏப்ரலில் மணிப்பூரைச் சேர்ந்த ஒரு குக்கிராமத்துக்குக் கம்பி சென்றவுடன், தேசத்தில் மின்சாரம் இல்லாத கிராமமே இல்லை என்று பிரகடனம் செய்யப்பட்டது. கம்பி வருவது வேறு, மின்சாரத்தை வாங்கக்கூடிய சக்தி வருவது வேறு என்பதை அந்தப் பிரகடனம் மறைத்துவிடலாகாது.

மானியம் ஏன்?

மின்சாரத்தின் பொருளாதாரம் மளிகைக் கடைப் பொருளாதாரத்தைப் போன்றதல்ல. பட்டணத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரைச் சுற்றி நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கும். கரிசல் காட்டிலோ ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் பல மைல். நடுவில் ஜனங்கள் இல்லை. கம்பங்கள் மாத்திரம் உண்டு. அந்தக் கம்பங்களுக்கும் கம்பிக்கும் ஆகும் செலவைச் சில குடும்பங்கள் தலையில் சுமத்தினால் அவர்கள் விளக்கையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நீண்ட கம்பியில் போகப் போக மின்சாரம் விரயமாகும், அழுத்தமும் குறையும். ஆகவே ஏழைக்கு அனுப்பும் மின்சாரம்தான் வாரியத்துக்கு அதிகச் செலவு வைக்கும் மின்சாரம். இதை வியாபாரக் கண்ணோடு பார்த்தால் கிராமத்துக்கு என்றைக்கும் விளக்கு வராது.

தனியார் வியாபாரத்துக்குப் பேர் போன அமெரிக்காவிலேயே இந்த உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1930-களின் நடுவில் அந்நாட்டுப் பண்ணைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935 மே மாதம் கிராம மின்மய நிர்வாகத்தை ஏற்படுத்தி, குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தார். லாபம் இல்லை என்று கம்பெனிகள் கைவிட்ட இடங்களில் குடியானவர்கள் தாங்களே கம்பம் நட்டுக்கொண்டார்கள். நமது நாட்டிலும் 2005-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி கிராம மின்மயத் திட்டத்தில் கம்பி இழுக்கும் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய சர்க்கார் ஏற்றது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு இணைப்பு இலவசம். 2017 செப்டம்பரில் தொடங்கிய சௌபாக்கியத் திட்டம் மிச்சமிருந்த வீடுகளைத் தேடிச் சென்றது.

ஆக, கிராமத்து மின்சாரத்துக்கு மானியம் கொடுப்பது தர்மமா என்ற கேள்வியை உலகம் வெகு காலத்துக்கு முன்பே தீர்த்து வைத்துவிட்டது. தீராமலிருப்பது, அந்த மானியம் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்விதான்.

கமலையும் மோட்டாரும்

பழைய நாளில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கக் கமலை உண்டு. இரண்டு மாடுகள், ஒரு மனிதன், ஒரு தோல் சால், விடியற்காலையிலிருந்து ஓயாத உழைப்பு. ஐந்து குதிரைத் திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஏறக்குறைய நாலு யூனிட்தான். மாடுகள் நாள் முழுவதும் இறைக்கும் தண்ணீரை அது வெகு சீக்கிரத்தில் இறைத்துவிடும். குடியானவர்கள் கடன் வாங்கி மோட்டார் வைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் மோட்டாரோடு கட்டணச் சீட்டும் வந்தது. 1970-ல் யூனிட் விலை உயர்ந்தபோது கோயமுத்தூர்ப் பக்கத்தில் கிளர்ச்சி மூண்டது. அந்த வருஷம் ஜூன் 19-ந் தேதி பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். சில பைசாவுக்காகவா என்று கேட்பவர்கள், உப்பு வரியும் சில பைசாதான் என்பதை நினைவுகூர வேண்டும். 1972-ல் கோயமுத்தூர் வீதிகளை மாட்டு வண்டிகளால் நிரப்பினார்கள் விவசாயிகள். இந்த இயக்கத்தின் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. கொங்கு நாட்டில் பிறந்த அந்தப் பெரியவர் 1984 டிசம்பர் 21-ந் தேதி உயிர் துறந்தது நமது கோவில்பட்டியில். பிரசாரத்துக்காக வந்த இடத்தில் மாரடைப்பினால் காலமானார்.

அதே 1984-ல் எம்.ஜி.ஆர். சர்க்கார் சிறு விவசாயிகளின் பம்பு செட்டுகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1990-ல் கருணாநிதி சர்க்கார் எல்லா விவசாயிகளுக்கும் அதை விஸ்தரித்தது. 2003-ல் மீண்டும் கட்டணம் விதித்துப் பார்த்தார்கள். 2004-ம் வருஷத்துப் பாராளுமன்றத் தேர்தல் முடிந்ததும் அந்தக் கட்டணம் மறைந்தது. இன்று தமிழ் நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பம்பு செட்டுகள் இருக்கின்றன. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய இலவச இணைப்புகள் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது.

இடைசெவல் கி. ராஜநாராயணன் இந்தக் கரிசல் மண்ணின் கதாசிரியர். 'கரண்ட்' என்ற சிறுகதையில் மின்சாரத்தை நம்பிய ஒரு குடியானவன் படும் பாட்டை அவர் எழுதினார். அது 1992-ல் ஹிந்தியில் சினிமாப் படமாகவும் வந்தது. இலவசம் என்று சட்டம் சொல்லிவிட்டால் மாத்திரம் மோட்டார் ஓடிவிடாது என்பதைக் கரிசல்காரர்கள் நன்கு அறிவார்கள்.

கிணறு இல்லாதவன்

இனி, நமது உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் என்றால் பம்பு செட் உள்ளவனுக்கு இலவசம். பம்பு செட் வேண்டுமானால் கிணறு வேண்டும். கிணறு வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். தோண்டப் பணமும் வேண்டும். கரிசலின் அடியில் ஊற்று அருமை. கிடைத்தாலும் பல இடங்களில் உப்புக் கரிக்கும். விளாத்திகுளத்திலும் புதூரிலும் ஓட்டப்பிடாரத்திலும் உள்ள மானாவாரிக் குடியானவர், சர்க்கார் விவசாயிக்கென்று கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு யூனிட்கூடப் பெறுவதில்லை. மழை தவறினால் அவருக்கு விதை நஷ்டம்; மழை மிஞ்சினால் பயறு முளைத்துப் போய் நஷ்டம். விவசாயியின் பெயரால் செலவாகும் தொகை வாய்க்காலும் கிணறும் உள்ள சீமைக்கு ஓடிவிடுகிறது. மேட்டில் இருப்பவனுக்கு எட்டாமல் பள்ளத்தை நோக்கி ஓடும் தண்ணீரைப் போலவே பணமும் ஓடுகிறது.

இணைப்பு கேட்டு மனுப் போட்டவர்களிலும் தாரதம்மியம் உண்டு. சாதாரண வரிசையில் நிற்பவர் வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். தட்கல் என்றும் சுயநிதி என்றும் தனி வரிசைகள் ஏற்பட்டன. தட்கல் வரிசையில் லட்சக்கணக்கில் பணம் கட்டியவர் முன்னால் போனார். 'இலவசம்' என்ற வாசலுக்கு இப்படி ஒரு நுழைவுச் சீட்டு ஏற்பட்டது விசித்திரம்தான்!

மற்றொரு தீமையும் சொல்ல வேண்டும். இறைக்க இறைக்கக் காசில்லை என்றால், கிணற்றை ஆழப்படுத்துவதும் ஆழ்குழாய் இறக்குவதும் போட்டியாகிவிடும். பணம் உள்ளவர் இன்னும் ஆழமாகப் போவார். பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு வற்றும். அப்பொழுது சர்க்கார் கொடுத்த மானியமே ஏழையின் தண்ணீரைப் பறிப்பதாக முடியும். இதைக் கருதித்தான் பஞ்சாபில் 2018-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒவ்வொரு பம்புக்கும் இத்தனை யூனிட் என்று அளவு வைத்து, அதில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கே ரொக்கம் கொடுத்தார்கள். குஜராத்தில் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராமத் திட்டம், பம்பு செட்டுகளின் கம்பியை வீடுகளின் கம்பியிலிருந்து பிரித்தது. மோட்டாருக்குக் குறித்த நேரத்தில் மாத்திரம் மின்சாரம். வீட்டுக்கு இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம்.

வீட்டு விளக்கின் கணக்கு

பம்பு செட் மானியம் கரிசல்காரரை எட்டவில்லை என்றால், வீட்டு மானியம் எட்டியிருக்கிறது. குடிசைக்கு ஒரு விளக்கு என்ற முறையில் தொடங்கிய உதவி, 2016 மே மாதம் ஜெயலலிதா சர்க்காரின் உத்தரவால் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று விரிந்தது. அது எவ்வளவு? மூன்று சிறு எல்.ஈ.டி. விளக்குகள் ஐந்து மணி நேரம், ஒரு விசிறி பத்து மணி நேரம், ஒரு டெலிவிஷன் நாலு மணி நேரம் - இவ்வளவும் தினந்தோறும் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 70 யூனிட்தான் ஆகும். ஆகவே தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஒரு பெண்ணின் குடும்பம் கட்டணச் சீட்டைப் பற்றிக் கவலையின்றி விளக்கேற்றலாம். இந்த மானியத்தை வீண் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆனால் மூன்று மாடி வீட்டுக்காரருக்கும் அதே 100 யூனிட் இலவசமாகப் போய்ச் சேருவதை நியாயம் என்று சொல்லவும் நா எழவில்லை.

பணம் எங்கிருந்து?

இலவசம் என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. யாரோ ஒருவர் கொடுத்தே தீர வேண்டும். ஒரு பங்கை ஆலைகளும் கடைகளும் அதிகக் கட்டணமாகக் கொடுக்கின்றன. ஒரு பங்கைச் சர்க்கார் வரிப் பணத்திலிருந்து கொடுக்கிறது. 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு, மானியம் கொடுக்க விரும்பும் ராஜ்ய சர்க்கார் அந்தத் தொகையை முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும் என்று விதிக்கிறது. நல்ல விதி. ஆனால் பெரும்பாலான பம்பு செட்டுகளுக்கு மீட்டரே இல்லாதபோது, எத்தனை யூனிட் போயிற்று என்று யார் அறிவார்கள்? குதிரைத் திறனைக் கொண்டு உத்தேசமாகக் கணக்கிடுகிறார்கள். உத்தேசம் குறைந்தால் குறை மின்சார ஸ்தாபனத்தின் கடனாகிறது. 2017 ஜனவரியில் தமிழ் நாடு மத்திய சர்க்காரின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது அந்த ஸ்தாபனத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை ராஜ்ய சர்க்கார் தன் தலையில் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கடனைத் தீர்க்கும் வரியில் தீப்பெட்டித் தொழிலாளியின் பங்கும் உண்டு.

கடன்பட்ட ஸ்தாபனம் புதுக் கம்பி போடாது. பழைய டிரான்ஸ்பார்மரை மாற்றாது. அதன் பலனை முதலில் அனுபவிப்பது கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் கிராமம்தான். மானியத்தைச் சரியாகக் கணக்கிடாவிட்டால், மானியத்தால் வாழ வேண்டியவனே இருட்டில் உட்கார நேரும்.

காற்றும் வெயிலும்

இனி ஒரு நல்ல சமாசாரம். நூறு வருஷமாக மின்சாரத்துக்குப் பிறரை எதிர்பார்த்திருந்த இந்தச் சீமை இப்பொழுது பிறருக்குக் கொடுக்கிறது. கயத்தாற்றிலும் சுற்றுப்புறத்திலும் காற்றாடிகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன. தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1979 முதல் வேலை செய்து வருகிறது. பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவின் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்சார நிலையம் ஏற்பட்டது. எந்த வெயில் பயிரைக் கருக்கியதோ அந்த வெயிலே விலைபோகிறது!

ஆனால் விலை யாருக்குக் கிடைக்கிறது? நிலத்தைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்ட குடியானவர் காற்றாடியின் நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கலாம். 2019-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த குசும் திட்டம் இதற்கு ஓரளவு பரிகாரமாகக்கூடும். சூரிய பம்பின் விலையில் நூற்றுக்கு 30 பங்கு மத்திய சர்க்காரும், 30 பங்கு ராஜ்ய சர்க்காரும் கொடுக்க, மிச்சத்தை விவசாயி போட வேண்டும் என்பது அதன் பொதுவான ஏற்பாடு. விவசாயிகள் சொந்த நிலத்தில் சிறு சூரிய நிலையம் வைத்து மின்சாரத்தை விற்கவும் அதில் இடம் உண்டு. தரிசாய்க் கிடக்கும் கரிசலுக்கு இது ஏற்றதே. ஆனால் முதல் போடச் சக்தியில்லாத சிறு விவசாயி தனியாக இதில் இறங்க முடியாது. அமெரிக்கக் குடியானவர்களைப் போல் சங்கமாகச் சேர்ந்தால் முடியும்.

நாம் வேண்டுவது

நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். ஏழையின் வீட்டு விளக்குக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு காசுகூடக் குறைக்கக் கூடாது. வசதி படைத்தவர்களுக்குப் போகும் பங்கை நிறுத்தி, அதைக் கடைக்கோடிக் கிராமங்களின் கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் செலவிட வேண்டும். பம்பு செட்டுகளுக்கு மீட்டர் வைப்பது கட்டணம் வாங்குவதற்காக இல்லை, கணக்கு அறிவதற்கும் மிச்சப்படுத்தியவருக்குப் பரிசு கொடுப்பதற்கும்தான் என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். உயிரைக் கொடுத்துப் பெற்ற உரிமை மீட்டர் வழியாகப் பறிபோய்விடும் என்று விவசாயிகள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கிணறு இல்லாத மானாவாரிக் குடியானவருக்கும் இந்த மானியத்தில் பங்கு வேண்டும். பண்ணைக் குட்டையில் தேங்கிய மழைத் தண்ணீரை இறைக்கச் சிறு சூரிய பம்பு, உளுந்தும் பாசிப்பயறும் உடைக்க ஊர்ப் பொது இயந்திரம், மிளகாயையும் மக்காச்சோளத்தையும் மழையில் நனையாமல் உலர்த்தக் களம் - இவற்றுக்குச் சங்கங்களின் மூலம் உதவி செய்தால், பம்பு செட்டுக்காரருக்கு இதுவரை கிடைத்ததில் ஒரு சிறு பங்காவது அவரைச் சென்றடையும்.

மின்சாரத்துக்கு மேடு பள்ளம் தெரியாது; கம்பி போன இடமெல்லாம் அது போகும். கம்பியை எங்கே இழுப்பது என்று தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். அப்படித் தீர்மானிக்கும் மந்திரிமார்களும் அதிகாரிகளும் வரவு செலவுத் திட்டத்தில் 'விவசாயி' என்று எழுதும்போதெல்லாம், மோட்டார் வைத்தவரோடு கூட, வானத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்கும் கோவில்பட்டிச் சீமைக் குடியானவரையும் மனத்தில் வைத்து எழுதட்டும். ஐப்பசி மழைக்குக் காத்திருக்க அவருக்குத் தெரியும்; சர்க்காருக்காகவும் அதே பொறுமையோடு அவர் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சுதந்திர நாட்டுக்கு அழகல்ல.